ஊமை அழைப்பு

அந்த விதியை எழுதியது நான்தான். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. உதவி எண்ணை அழைக்கிறவர் நாற்பது விநாடிக்குள் வாய் திறக்காவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். அது 'ஊமை அழைப்பு' என்று ஒதுக்கப்படும், எண்ணிக்கையில் சேராது. பொழுதுபோகாதவர்கள் அழைக்கிறார்கள், வம்புக்காரர்கள் அழைக்கிறார்கள், ஆலோசகர்களின் நேரம் வீணாகிறது என்று அரைப்பக்கத்துக்குக் காரணமும் எழுதினேன். இயக்குநர் பாராட்டினார். எனக்கும் உச்சி குளிர்ந்துதான் போயிற்று.

மனநலமும் குடி, போதை மீட்பும் சேர்ந்த பிரிவு எங்களுடையது. தொலைதூர ஊர்களுக்கான ஐந்தாண்டுத் திட்டத்தைத் தயாரிப்பது என் வேலை. எந்த ஊரிலிருந்து எத்தனை அழைப்பு வருகிறதோ, அதை வைத்துத்தான் அந்த ஊருக்கு ஆலோசகர். நூறைத் தாண்டினால் ஒருவர் அங்கேயே தங்குவார். ஐம்பது என்றால் மாதம் ஒருமுறை தலை காட்டுவார். மலைக்கு அப்பால், சாலை முடிகிற இடத்தில் இருக்கும் ஊருக்கு எதிரே பூஜ்யம் போட்டிருந்தது. முந்நூறு பேர் வாழும் ஊரில் ஒருவருக்குக்கூட மனக்கஷ்டம் இல்லையாம். அப்படி ஓர் ஊர் இருந்தால் நானே மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவேன்.

சந்தேகம் வந்து, ஒதுக்கிய ஒலிப்பதிவுகளைத் தோண்டினேன். அந்த ஊரிலிருந்து மட்டும் இருநூற்றுப் பதினொன்று இருந்தன. எல்லாம் ஒரே தொலைபேசியிலிருந்து வந்தவை.

ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதலில் எங்கள் ஆலோசகரின் குரல், "வணக்கம், சொல்லுங்க." அப்புறம் மூச்சு. எச்சில் விழுங்கும் சத்தம். ஏதோ சொல்ல வந்து உதடு பிரிந்து, திரும்ப மூடிக்கொள்வதுகூடக் கேட்டது. பின்னால் தராசுத் தட்டு இடிபடும், யாரோ மாவு கேட்பார்கள். நாற்பதாவது விநாடியில் இணைப்பு போய்விடும். முப்பது பதிவு கேட்டதுமே தெரிந்துவிட்டது, எல்லாம் ஒரே ஆள். மூச்சை உள்ளே இழுக்கும்போது லேசாக ஒரு சீழ்க்கை வரும். கடைசிப் பதிவுக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

அந்த மூச்சு என்னை விடவில்லை. லிஃப்டில் பக்கத்தில் நிற்பவரிடமிருந்து கேட்டது. மகள் வாய்க்குள் படிக்கும்போது வரிக்கு வரி நடுவில் கேட்டது. தண்ணீர் வருவதற்கு முன் குழாயில் வரும் காற்றில் கேட்டு, குழாயை மூடிவிட்டு நின்றேன். "ஊமைப் பேய் எதுகிட்டயாவது மாட்டிக்கிட்டியா?" என்று கணவர் கிண்டல் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்தாக வேண்டும்.

இயக்குநரிடம் போய் நின்றேன்.

"பேசாதவங்களை எல்லாம் எப்படிம்மா எண்ணிக்கைல சேர்க்கிறது? உண்மையிலயே உதவி கேட்டுத்தான் கூப்பிட்டாங்கன்னு ஒரு ஆதாரம் கொண்டு வாங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குத் திட்டம் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள சொன்னா மாத்துறேன். இல்லன்னா அஞ்சு வருஷத்துக்குப் பூஜ்யம்தான்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினேன். ஆறு மணி நேரம் என்றார் ஜீப் ஓட்டுநர். சாலை அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை, பத்து மணி நேரம் ஆயிற்று. பாதி வழியிலேயே கைபேசியில் சிக்னல் செத்துப்போனது. ஊரின் ஒரே தொலைபேசி ஊரின் ஒரே கடையில் இருந்தது. தராசுக்குப் பக்கத்தில், சுவரில். ஒயர் ஒரு முழம்கூட இருக்காது. பேசுகிறவர் வரிசையில் நிற்பவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும்.

கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நான் யாரென்று தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"இந்தப் போன்லேர்ந்து ஒருத்தர் எங்களை அடிக்கடி கூப்பிட்டிருக்கார். ஆனா பேசவே இல்ல. யாருன்னு தெரியுமா?"

மாவு அள்ளிய கை நின்றது. "என் தம்பிதான்."

"இப்ப எங்க இருக்கார்?"

"இல்லம்மா. குளிர்காலத்துல குடிச்சிட்டு ஆத்தோரமா படுத்துட்டான். காலைல எழுந்திருக்கல."

வழியெல்லாம் இதைத்தான் எதிர்பார்த்து வந்தேன்.

"தினமும் வருவான்," என்றார். "பத்துலேர்ந்து அஞ்சு வரைக்கும்தானே நீங்க எடுப்பீங்க. அந்த நேரத்துலதான் கடையில ஈ மொய்க்கிற மாதிரி கூட்டம். இந்த ஊர்ல ஒருத்தன் தும்மினா மூணு தெரு தள்ளிக் கேக்கும். குடிய விட முடியலன்னு இத்தனை பேர் காதுல விழற மாதிரி எப்படிச் சொல்லுவான்? ஆள் இல்லாத நேரமா பார்த்துப் பேசேன்டான்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். சோப்புப் பெட்டியைக் கிழித்த அட்டை.

"நாப்பது எண்ணுறதுக்குள்ள கட் ஆயிடுதுக்கான்னு சொல்லுவான். அதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லி முடிக்கணும்னு எழுதி வச்சிருந்தான்."

அட்டை நிறைய எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தார். வேலை போனது, மனைவி போனது, தூக்கம் வராதது எல்லாவற்றையும் அடித்திருந்தார். 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்பதையும் அடித்திருந்தார். மிஞ்சியது மூன்றே வரி. நான் குடிக்கிறேன். நிறுத்த முடியவில்லை. இங்கே யாராவது வர முடியுமா?

வாயைத் திறந்திருந்தால் போதும், அப்புறம் ஒரு மணி நேரம்கூடப் பேசியிருக்கலாம். அதை அவருக்கு யார் சொன்னார்கள்? நான் எழுதிய அரைப்பக்கத்தில் அழைக்கிறவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

மணி நாலே முக்கால். இயக்குநரின் எண்ணை அழுத்தினேன். பின்னால் தொப்பி போட்ட ஒரு பெரியவர், இரண்டு பெண்கள், பால்டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர். பேசிக்கொண்டிருந்தவர்கள், நான் தொலைபேசியை எடுத்ததும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டார்கள். அந்த மரியாதைதான் கொன்றது.

"ஹலோ?" என்றார் இயக்குநர்.

சொல்ல வேண்டியது என்னவோ கொஞ்சம்தான். அந்த ஆள் உதவிதான் கேட்டார், இறந்துவிட்டார், என் விதி தப்பு. ஆனால் அவரோடு வளர்ந்தவர்கள் என் பிடரியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கழுத்து சுட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. என் மூச்சு தொலைபேசிக்குள் போய்த் திரும்பி என் காதிலேயே விழுந்தது.

"ஹலோ, யாரு? ஒண்ணும் கேக்கலையே. வைக்கவா?"

"எல்லாரும் கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்க," என்றார் கடைக்காரம்மா.

யாரும் முணுமுணுக்கவில்லை. பால்டப்பாக்காரர் டப்பாவைத் தரையில் வைத்தார். பெரியவர் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டு, தானும் போய், வெளியிலிருந்து சாத்தினார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். விதியை எழுதியது நான் என்பதையும் அட்டையில் இருந்த மூன்று வரிகளையும் சொன்னேன். கடைசியில் இயக்குநர், "சரிம்மா, மாத்திடறேன். ஒருத்தர் அங்கேயே தங்கட்டும்," என்றார்.

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். கடைக்காரம்மா மாவுக் கரண்டியோடு, காலியான கடையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"சொன்னா போயிடுறாங்க," என்றார்.