வெள்ளைப் பகுதியில் ஒரு மெரூன் கோட்டு

லொரெட்டாவுக்கு முழங்கால் வலித்தது. வாகன நிறுத்தத்தில் கறி வாட்டும் புகையையும் மடக்கு நாற்காலிகளையும் கடந்து, அமெரிக்கக் கால்பந்து அரங்கின் மேல்வரிசை வரை ஏறி வந்திருந்தாள். அடுத்த ஆண்டு வரமாட்டேன் என்று இன்று எப்படியும் சொல்லிவிட வேண்டும். விட்டால் கணவன் வெர்னன் அடுத்த பருவத்துக்கும் டிக்கெட் வாங்கிவிடுவான்.

அவன் இன்னும் உட்காரவில்லை.

"தெற்குப் பக்கம் திறந்து விட்டிருக்கான் பாத்தியா, லோரி? ஆறு தெரியுது. போன வாரம் பாத்தது வெறும் கான்கிரீட் கிண்ணம். சத்தம் நிக்கும், அழகு இல்ல."

"ம்."

அவன் ஓய்வு பெற்றதிலிருந்து இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகள் எல்லாம் இப்படித்தான். வேறொரு கல்லூரி, வேறொரு மைதானம். எங்கே செங்கல், எங்கே புல், எங்கே இசைக்குழு நுழையும்போது உடம்பு சிலிர்க்கும், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. சமையலறைச் சுவருக்கு வசந்தத்தில் அவள் புது வண்ணம் அடித்ததை மட்டும் இன்னும் கவனிக்கவில்லை.

பக்கத்து இருக்கைக்காரன் முகம் முழுக்க வெள்ளை பூசியிருந்தான். "வழி தவறிட்டீங்களாக்கா? மெரூன் அடுத்த பகுதி. இங்க எல்லாரும் வெள்ளை."

இன்று பகுதிக்கு ஒரு நிறம். அரங்கமே பட்டை பட்டையாகத் தெரிய வேண்டும். அவளை மெரூன் கோட்டு போடச் சொன்னது வெர்னன்தான்.

"பகுதிய மாத்தி நெனச்சுட்டேன்" என்றபடி அவன் பையிலிருந்து இரண்டு வெள்ளை மழைக்கோட்டுகளை எடுத்தான். ஒன்றை மாட்டிக்கொண்டான். "சீக்கிரம் போட்டுக்கோ. மேலேருந்து படம் எடுப்பான். பட்டை கெட்டுடும்."

"மழை இல்லையே, வெர்னன்."

"விடுங்கண்ணே," என்றான் பக்கத்து ஆள். "வெள்ளைச் சட்டையில கெச்சப் சொட்டுன மாதிரி இருந்துட்டுப் போகட்டும்."

வெர்னன் சிரிக்கவில்லை. மழைக்கோட்டை நீட்டிய கையை மடக்கவும் இல்லை. இந்தப் படத்தில் தான் ஒரு புள்ளிதான் என்று லொரெட்டாவுக்குத் தோன்றியது. அதுவும் தவறான நிறத்தில்.

"அடுத்த வருஷம் நான் வரல" என்றாள்.

"என்ன?"

பந்து எதிரணியிடம் இருந்தது. அந்த ஆட்டக்காரர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்க முடியாதபடி அரங்கமே கத்திக்கொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள். பந்து உள்ளூர் அணியின் கைக்கு வந்தது. தங்கள் பையன்களுக்குக் காது கேட்க வேண்டுமே என்று கூட்டம் சட்டென்று அடங்கியது.

"அடுத்த வருஷம் நான் வரல, வெர்னன். முடியல. வீட்டுலயே இருக்கப் போறேன்."

முன்வரிசைத் தலைகள் திரும்பின. வெள்ளை முகத்துக்காரன் குனிந்து தன் காலணியைப் பார்த்தான்.

கோபப்படுவான் என்றுதான் அவள் எதிர்பார்த்திருந்தாள். பதிலும் தயாராக இருந்தது.

"அப்ப நான் இதெல்லாம் யார்கிட்ட சொல்றது?" என்றான் வெர்னன். மெல்லத்தான் கேட்டான். அந்த அமைதியில் அதுவும் எல்லாருக்கும் கேட்டது.

அவள் மழைக்கோட்டை அவன் கையிலிருந்து வாங்கி மடித்துப் பையில் வைத்தாள்.

"வீட்டுக்கு வந்து சொல்லு. சமையலறையில உக்காந்து கேக்கறேன்."

"எல்லாத்தையுமா?"

"அலுத்துப்போற வரைக்கும். அப்படியே சுவத்தையும் ஒரு தடவை பாரு. இப்ப மஞ்சள்."

கீழே யாரோ பந்தை நழுவவிட்டார்கள். இரைச்சல் திரும்பி வந்தது. வெர்னன் முதல் முறையாக இருக்கையில் உட்கார்ந்தான். அவள் மெரூன் கோட்டின் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டுக்கொண்டாள்.