வாயில் கரண்டி இருக்கும்போது

சாப்பாட்டு நேரத்தில் நான் வாயைத் திறக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் தடை. சாப்பிடலாம், பேசக் கூடாது. தடை போட்டவள் என் தோள் உயரம்கூட இல்லாத ஒரு பெண். வாரத்துக்கு இருமுறை வந்து என் மனைவிக்கு விழுங்கச் சொல்லிக்கொடுக்கிறாள்.

எழுபது வயதுவரை தானாகவே விழுங்கிக்கொண்டிருந்தவளுக்கு இதற்கும் ஒரு டீச்சர். பக்கவாதம் வந்து வலது கை போயிற்று, பேச்சில் பாதி போயிற்று, கூடவே தொண்டையும் தன் வேலையை மறந்துவிட்டது.

"ஐயா, நல்லா கேட்டுக்குங்க," என்றாள் டீச்சர் முதல் நாளே. "வாயில சாப்பாடு இருக்கும்போது அம்மா பேசக் கூடாது. சிரிக்கவே கூடாது. சிரிச்சா மூச்சுக்குழாய்ல இறங்கிடும். அப்புறம் நெஞ்சுல சளி கட்டி, காய்ச்சல் வந்து ஆளையே கொண்டுபோயிடும்."

"அவளை யாரும்மா சிரிக்க வைக்கப்போறா?" என்றேன்.

கட்டிலில் இருந்த என் மனைவி இடது கையைத் தூக்கி என்னைக் காட்டினாள்.

நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கையுமாகத் தனியே நிற்பவனுக்குப் பேச ஆள் கிடைப்பது வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். அங்கே உட்கார்ந்து அன்று நடந்ததைச் சொல்வேன். நடந்ததில் ருசி குறைவாக இருந்தால் நடக்காததையும் ஒரு சிட்டிகை சேர்ப்பேன். உப்பில்லாமல் யார் சமைக்கிறார்கள்? என் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது. அவளுக்கு முதலில் தோள் குலுங்கும், சத்தமே வராது. அடுத்து வாயிலிருப்பது மேசை முழுக்கப் பறக்கும். "புளுகு மூட்டை" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சாப்பிட்ட லட்சணம் இதுதான்.

என்னுடைய அந்த வாய் இப்போது ஆயுதமாகிவிட்டது.

லிஃப்டில் ஏறுகிறவர்களுக்குக் கயிறு அறுந்துவிடுமோ என்று பயம். அறுந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு கயிறு போனால் தாங்க வேறு கயிறுகள் உண்டு. எல்லாம் போனாலும், வேகம் கூடியதும் இரு பக்கமும் உள்ள தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும் பிரேக் உண்டு. மனுஷத் தொண்டையைச் செய்தவன் இதிலெல்லாம் சிக்கனம் பிடித்துவிட்டான். சாப்பாட்டுக்கு ஒரு குழாய், மூச்சுக்கு ஒரு குழாய், நடுவில் ஒரே ஒரு மூடி. இப்படி ஒரு லிஃப்டை நான் மாட்டியிருந்தால் என்னைப் பிடித்து உள்ளே போட்டிருப்பார்கள்.

வெறும் தண்ணீர் வேகமாக ஓடி, மூடி மூடுவதற்குள் தப்பான குழாயில் புகுந்துவிடும். அதனால் ஒரு மாவைக் கலந்து தேன் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். காய்கறியை மிக்ஸியில் மைய அரைக்க வேண்டும். முதுகுக்குத் தலையணை கொடுத்து அவளை நிமிர்த்தி, தாடையைத் தாழ்த்தச் சொல்லி, அரைக் கரண்டி ஊட்ட வேண்டும். தொண்டை மேடு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கியதும் "ஆ" சொல்லச் சொல்ல வேண்டும். குரல் சுத்தமாக வந்தால் பிழைத்தோம். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் களகளவென்று வந்தால் என்ன செய்வதென்றும் டீச்சர் சொன்னாள். அந்த இடத்தில் என் காது அடைத்துக்கொண்டது. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் அடைத்துக்கொண்டது.

அன்று முதல் முகத்தை இறுக்கிக்கொண்டேன். ஊட்டும்போது மட்டும் பேசாமலிருந்தால் போதும்தான், ஆனால் என் வாயை எனக்குத் தெரியும். அதற்கு ஒரு விரல் இடம் கொடுத்தால் வீட்டையே எழுதி வாங்கிவிடும். ஆகவே நாள் முழுக்க மௌனம். மகள் போன் செய்து, "அப்பா, என்ன ஆச்சு உங்களுக்கு? எனக்கே பயமா இருக்கு, ஒரு பொய்யாவது சொல்லுங்கப்பா," என்றாள். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன். நான் சொன்னதிலேயே பெரிய பொய் அது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

இதற்கிடையே என் மனைவி வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்தாள். காலையில் சில கரண்டி, மதியம் அதுவும் இல்லை. கரண்டியைக் கொண்டுபோனால் சுவரைப் பார்ப்பாள். டீச்சர் எடை பார்த்தாள்.

"இறங்கிக்கிட்டே போகுது ஐயா. வெள்ளிக்கிழமை வரேன். அதுவரைக்கும் இப்படியே இருந்தா, மூக்கு வழியா குழாய்தான்."

என் மனைவியின் இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அவளுடைய அக்கா கடைசிக் காலத்தில் அந்தக் குழாயோடு கிடந்தாள். பிடுங்கி எறிந்துவிடாமலிருக்க இரண்டு கையையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நாங்கள் இருவரும் போய்ப் பார்த்துவிட்டு, வழியில் ஒரு வார்த்தை பேசாமல் வீடு திரும்பினோம். நான் பேசாமல் வந்த ஒரே பயணம் அது.

வெள்ளிக்கிழமை மதியம். டீச்சர் வர இன்னும் நேரமிருந்தது. கிண்ணத்தோடு உட்கார்ந்தேன்.

"ஒரே ஒரு வாய். எனக்காக."

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"குழாய் வேணுமா உனக்கு?"

கண்ணில் நீர் கட்டியது. வாய் கோணிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக மலையேறி வந்தது. "பயமா... இருக்கு."

"நான் இருக்கேன்ல? என்ன பயம்?"

"உங்க... மூஞ்சி."

"என் மூஞ்சிக்கு என்ன?"

"பாத்தா... நான் செத்துட்ட மாதிரி... இருக்கு."

அடுப்படியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் போய் மூடிவிட்டு வந்தேன், மூஞ்சியை எங்கேயாவது வைக்க வேண்டுமே. இத்தனை வருஷம் வாய் ஓயாத ஒருவன் திடீரென்று பிரேதப் பரிசோதனை அதிகாரி மாதிரி எதிரே உட்கார்ந்தால், பார்க்கிறவள் தன்னைப் பிரேதம் என்றுதானே நினைப்பாள்?

"ஒன்பதாவது... மாடி," என்றாள்.

அவளுக்கு மிகவும் பிடித்த கதை அது. எப்போது சொன்னாலும் மேசையைத் துடைக்க வேண்டி வரும்.

"வேணாம். வேற எதாவது கேளு."

வாயை இறுக மூடிக்கொண்டாள்.

கிண்ணத்தைப் பார்த்தேன், வாசலைப் பார்த்தேன். கடைசியில், "ஒரு வாய் முழுங்கி, ஆ சொன்னாத்தான் ஒரு வரி. சம்மதமா?" என்றேன். வாய் திறந்தது. அரைக் கரண்டி. மேடு ஏறியது, இறங்கியது. "ஆ." சுத்தம்.

"எட்டு மாடிக் கட்டடம். லிஃப்ட் சரியில்லன்னு புகார்." அரைக் கரண்டி. "ஆ." "எட்டை அமுக்கினேன். எட்டைத் தாண்டிப் போச்சு." அரைக் கரண்டி. "ஆ."

சிரிப்பு வராமலிருக்க, கோர்ட்டில் சாட்சி சொல்பவன் குரலில் சொன்னேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

"கதவு திறந்துச்சு. போர்டுல ஒன்பதுன்னு இருக்கு. லிஃப்ட்ல ஜனங்க தொலைச்ச குடையெல்லாம் அங்க அடுக்கி வெச்சிருக்கு. ஓரமா கோட்டு சூட்டு போட்ட ஒரு கல்யாண மாப்பிள்ளை, கையில பூச்செண்டு. 'எத்தனை நாளாப்பா இங்க இருக்கே?'ன்னேன். 'மெதுவா பேசுங்க சார், கீழ பொண்ணு வீட்டுக்காரங்க தேடிட்டு இருக்காங்க'ன்னான்."

ஒரு வரிதான் என்று பேசியிருந்தோம். நான் எப்போது கரண்டியை அவள் வாயில் வைத்தேன், எப்போது இத்தனை வரி சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

தோள் குலுங்கியது.

"முழுங்கு! சிரிக்காதே, முழுங்கு!"

முகம் சிவந்தது. கண் பிதுங்கியது. இருமல் வெடித்து, பிறகு அதுவும் நின்று, சத்தமில்லாமல் வாய் மட்டும் திறந்திருந்தது. அவளை முன்னால் சாய்த்துப் பிடித்தேன். என் கை எங்கே, அவள் முதுகு எங்கே என்று தெரியவில்லை. இருட்டுக் குழியில் தலைக்கு மேலே லிஃப்ட் இறங்கிவரும்போதுகூட நான் கடவுளைக் கூப்பிட்டதில்லை. அன்று கூப்பிட்டேன், வாய்க்கு வந்த பெயரெல்லாம் சொல்லி.

மறுபடி இருமினாள். வாயிலிருந்தது என் சட்டையில் வந்து விழுந்தது.

"ஆ சொல்லு. சொல்லும்மா."

"ஆ."

கேட்டேன். அவள் நெஞ்சில் காதை வைத்தும் கேட்டேன். களகளப்பு இல்லை.

"போதும், கிண்ணத்தை எடுத்து வெச்சிடறேன்," என்று எழுந்தேன்.

"அப்புறம்?" என்றாள், வாயைத் திறந்துகொண்டு.

கிண்ணம் காலியாகும்வரை ஒரு வாய்க்கு ஒரு வரிதான், அதுவும் அவள் விழுங்கிய பிறகுதான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாக்கு வறண்டு கிடந்தது. ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வாய் நிறைய ஊற்றிக்கொண்டேன்.

அவள் அதற்காகவே காத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

"கீழ... காத்திருந்த பொண்ணு... நான்தான்," என்றாள். "மாப்பிள்ளை... வரல. மெக்கானிக்... இறங்கி வந்தாரு."

தண்ணீர் வாய் வழியே வந்தது, மூக்கு வழியே வந்தது. மூச்சு வரவில்லை. குனிந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நான் இருமிக்கொண்டிருந்தபோதுதான் எடை மெஷினும் கையுமாக டீச்சர் உள்ளே நுழைந்தாள். மெஷினைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் முதுகில் தட்டினாள்.

"என்ன ஐயா நடக்குது இங்க?"

அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள், என் சட்டையைப் பார்த்தாள், கட்டிலில் சத்தமில்லாமல் குலுங்கும் தோளைப் பார்த்தாள். பிறகு என் மனைவியை "ஆ" சொல்லச் சொல்லி, ரொம்ப நேரம் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாள்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. இப்படிச் சாப்பிட்டா குழாய் பத்தி அடுத்த வாரம் பேசிக்கலாம்," என்றாள் கடைசியில். "ஆனா ஐயா, ராத்திரி காய்ச்சல் அடிக்குதான்னு பாத்துக்கிட்டே இருங்க. உங்க மேல எனக்கு நம்பிக்கை போயிடுச்சு."

என் மனைவி இடது கையைத் தூக்கி, அலமாரியிலிருந்த, தண்ணீரில் கலக்கும் மாவு டப்பாவைக் காட்டினாள்.

"இவருக்கும்... ரெண்டு ஸ்பூன்... கலந்து குடு."