பூதத்தானுக்கு என்ன முறை

பாபநாசம் படித்துறையில் ஆடி அமாவாசைக்கு உட்காரும் புரோகிதர்களில் இந்தப் பட்டாபிக்குத்தான் வாய் அதிகம் என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். கால் வைக்க இடமில்லாத கூட்டத்தில் ஈர வேட்டியோடு வந்து உட்கார்ந்து, "சாமி, தாத்தா பேரு மறந்து போச்சு" என்று பல்லைக் காட்டுகிறவனிடம் கொஞ்சிப் பேச என்னால் முடியாது. கோத்திரம் தெரியவில்லையா, சிவகோத்திரம் என்று நானே போட்டுக்கொள்வேன். ஆனால் உன் பெயரையும், செத்தவருக்கு நீ என்ன முறை என்பதையும் நீதான் சொல்ல வேண்டும். சொல்லாதவன் கையில் நான் எள் வைப்பதில்லை.

தொண்ணூற்றெட்டில், அமாவாசைக்குச் சில நாள் முன்னால் ஒருவன் வந்தான். துண்டை முக்காடாகப் போட்டிருந்தான். அதை எடுத்ததும் பார்த்தால், செத்துப்போன பூதத்தான் என் எதிரில் நின்றான்.

பூதத்தானைத் தெரியாதவர்கள் இந்த ஆற்றங்கரையில் கிடையாது. பிறவியிலேயே அவனுக்கு அப்படி ஒரு பலம். தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் முங்கிய பஸ்ஸை ஆட்களோடு தூக்கிக் கரையில் வைத்தவன். மதகு உடைந்தால் அவனுக்குத்தான் ஆள் விடுவார்கள். போய் முதுகைக் கொடுத்து நிற்பான், மணல் மூட்டை அடுக்கி முடிகிற வரைக்கும். ஆறு கடலில் சேருகிற புன்னக்காயல் வரை இறங்கிப் போய்க் கவிழ்ந்த வள்ளங்களை நிமிர்த்திவிட்டு வருவான். யாராவது சோறு போட்டால் சாப்பிடுவான், அவ்வளவுதான்.

அப்படி ஒருவன் இருந்தால் இன்னொருவன் வேண்டுமென்று எவனுக்காவது தோன்றாமல் இருக்குமா? பேட்டையில் ஷெட் பிடித்திருந்த ஒரு கம்பெனி, ரத்ததான முகாம் என்று கூப்பிட்டு அவன் ரத்தத்தை வாங்கி, அதிலிருந்து இன்னோர் ஆளையே வளர்த்துவிட்டது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு மந்திரம்தான் தெரியும். மூன்றே வருஷத்தில் முழு ஆளாக வெளியே விட்டார்கள். அதே முகம், அதே தோள், நடையில் அதே சாய்வு. ஊர் அவனுக்கு ஜெராக்ஸ் என்று பெயர் வைத்தது. வேறு பெயர் வைக்க அவனுக்கு யார் இருந்தார்கள்?

ஜெராக்ஸில் ஓர் இடத்தில் மை விழவில்லை. பலம் இருந்தாற்போல் இருந்து, கரண்ட் போகிற மாதிரி போய்விடும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரம்தான் பூதத்தானைக் கொன்றது.

தொண்ணூற்றாறு ஐப்பசி மழையில், அம்பாசமுத்திரம் பக்கத்தில் கால்வாய்ப் பாலம் இடிந்து ஒரு பள்ளிக்கூட வேன் அடியில் மாட்டிக்கொண்டது. பூதத்தான் ஓடினான். கம்பெனி இவனையும் அனுப்பியது. இவன் கான்கிரீட் தளத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். பூதத்தான் அடியில் ஊர்ந்து போய்ப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளினான். கடைசிப் பிள்ளையும் வந்தது. அப்போது இவன் கை விட்டுவிட்டது. சேற்றில் குப்புறக் கிடந்தவன் மேல் தளம் இறங்கியது. எவ்வளவு பலம் இருந்தாலும் சேற்றில் மூச்சு விட முடியுமா?

கம்பெனி ராத்திரியோடு ராத்திரியாக ஷெட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிப்போனது. 'மட்டச் சரக்கு, அது என்ன செய்யும் பாவம்' என்று ஊர் சொன்னது. இவன் பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கிப் பிழைத்தான். மூட்டை நழுவினால் சுற்றி நின்று சிரித்தார்கள். பூதத்தானுக்கோ, அகாலமாய்ச் செத்தவனுக்குச் செய்கிற வழக்கப்படி பீடம் போட்டு, கொடைவிழா நடத்தி, கிடா வெட்டினார்கள். அவன் அம்மா பிரம்மநாயகி திதி கொடுக்க ஆள் கேட்டுச் சொந்தக்காரர்கள் வீடெல்லாம் ஏறி இறங்கினாள். சாமியாகிவிட்டவனுக்கு எவனாவது திதி கொடுப்பானா என்று அனுப்பிவிட்டார்கள். புருஷன் முன்பே செத்துப்போய்விட்டான். வேறு பிள்ளையும் இல்லை.

இத்தனையும் தெரிந்துதான், முக்காட்டை எடுத்துவிட்டு எதிரில் நின்ற ஜெராக்ஸை நான் கேட்டேன்.

"என்னடா வேணும் நோக்கு?"

"அண்ணாச்சிக்கு எள்ளுந் தண்ணியும் விடணும் சாமி."

"அவனுக்கு நீ என்ன முறை?"

"அதத்தான் நானும் கேட்டு அலையுதேன்."

எனக்கு எரிச்சல் வந்தது. "பிள்ளைன்னு சொல்ல அவன் உன்னைப் பெக்கலை. தம்பின்னு சொல்லணும்னா அவன் அம்மா உன்னைப் பெத்தேன்னு சொல்லணும். ஷெட்டுல முளைச்சதுக்கெல்லாம் சாஸ்திரத்துல இடம் கிடையாது. போ, போய் அவளைக் கேளு. அவ வாயால தம்பின்னு சொல்லட்டும், நான் பண்ணி வைக்கறேன்."

ஆளைத் தட்டிக்கழிக்கத்தான் அப்படிச் சொன்னேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள் விளக்குமாற்றை எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கத்தான் செய்தாளாம். அடித்து ஓய்ந்து, கதவைச் சாத்தி, மறுபடி திறந்து பார்த்திருக்கிறாள். மழையில் அங்கேயே உட்கார்ந்திருந்தவனுக்குச் சோறு வைத்திருக்கிறாள். அவன் சோற்றைப் பிசைந்த விதத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அழுதிருக்கிறாள்.

அமாவாசை அன்று இரண்டு பேருமாக வந்தார்கள். கூட்டத்தில் தொலைந்துவிடுவான் என்பதுபோல அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"சாமி, இவன் எனக்கு ரெண்டாவது. அவனுக்குத் தம்பி. அப்படியே சொல்லிப் பண்ணி வையும்" என்றாள். "கை வெளங்காமப் போனா புள்ள என்ன செய்யும்? அவன் வேணும்னா விட்டான்?"

அவனைக் கீழ்ப்படியில் உட்கார வைத்து, தர்ப்பையை முடிந்து விரலில் போட்டேன். "பேரு?"

அவன் அவளைப் பார்த்தான்.

"நடராஜ்னு சொல்லும். பூதத்தானுக்குப் பெறவு ஒண்ணு பெறந்தா வைக்கணும்னு அவுக அப்பா சொல்லிக்கிட்டே இருந்தாக. எய்யா, ஒனக்குப் பிடிச்சிருக்கா?"

நடராஜ் என்று அவன் உதடு அசைந்ததைப் பார்த்தேன். இரண்டு மூன்று தடவை சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தான். எள்ளை அவன் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரை ஊற்றப் போனேன். அவன் கையை மூடிக்கொண்டான்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"தண்ணி விட்டுட்டுச் சொல்லுய்யா."

"முன்னாடியே சொல்லணும். எங்கை அதுக்கு முன்னாலயும் விட்டுருக்கு. ஷெட்ல வச்சு எத்தனையோ தடவ விட்டுருக்கு. எனக்குத் தெரியும். அண்ணாச்சி அடியில போறதுக்கு முன்ன என்னையப் பாத்துக் கேட்டாவ. 'தாங்கிருவியாலே? சந்தேகம்னா சொல்லு, முட்டுக் குடுத்துட்டுப் போறேன்'னாவ. ஊரே நின்னு பாத்துக்கிட்டிருந்துச்சு. அவகளப் பாக்குத மாதிரி என்னையும் பாத்துச்சு. தாங்கிருவேன்னுட்டேன்."

பிரம்மநாயகி அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"முட்டுக் குடுக்க மரம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. லாரில கெடந்துச்சு."

அவன் மணிக்கட்டை விட்டுவிட்டாள். எனக்கு அவன் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மடப்பயல், இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பெயரும் அம்மாவுமாக வீட்டுக்குப் போயிருப்பான். நான் அவன் இடத்தில் இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். சத்தியமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் எழுந்து மேல்படிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றையே பார்த்தபடி நின்றாள். பின்னால் இருந்தவர்கள் "சாமி, நேரமாவுது" என்று நெருக்கினார்கள். எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

"ஏம்மா, தம்பின்னு சொல்லவா, வேண்டாமா?"

"வேண்டாம். அந்தப் பேரையும் எடுத்துரும்."

"அப்போ எழுந்து போகச் சொல்லட்டுமா?"

"எதுக்குப் போகணும்? எம்மவனுக்குத் தண்ணி விட வேற நாதி ஏது?" அவள் திரும்பினாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. "கொன்னவன்னு சொல்லி விடச் சொல்லும்."

"அப்படி ஒரு முறை கிடையாதேம்மா."

"இருக்கு சாமி. பெத்தவன்னு நான் ஒருத்தி இருக்கேம்லா? கொன்னவன்னு அவன் ஒருத்தன் இருக்கான். வேற எவனும் எம்மவனுக்குச் சொந்தம்னு வரல." பிறகு அவனைப் பார்த்து, "வருசா வருசம் வரணும். நான் செத்தாலும் வரணும்" என்றாள்.

"வாரேன்" என்றான் அவன்.

அவள் கேட்டதற்கு மந்திரத்தில் இடமில்லை. முறை சொல்ல வேண்டிய இடத்தில் நிறுத்தி, தமிழிலேயே சொல்லிக் கொடுத்தேன். பூதத்தானைக் கொன்றவன் விடுகிறேன் என்று. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் உரக்கச் சொன்னான். கட்டைவிரல் வழியாக எள்ளும் தண்ணீரும் இறங்கி ஆற்றோடு போயிற்று. இரண்டாவது தடவையும் சொன்னான். மூன்றாவதில் 'பூதத்தானை' என்றதுமே அவன் குரல் உடைந்து, மீதியை முழுங்கிவிட்டான். போதும் என்று நான் எழப் போனேன்.

"முழுசாச் சொல்லச் சொல்லும் சாமி" என்றாள் மேல்படியிலிருந்து.