வேலையில்லாத வகேஷோவுக்கு ஒரு வசூல்

கென்யாவின் வோய் ஊரில், சந்தைக்குப் பின்னால் எட்டு வீடுகளுக்குப் பொதுவாக ஒரு முற்றம். மற்ற ஏழு வீட்டுக்காரர்களுக்கும் வகேஷோ வேலைவெட்டி இல்லாதவள். அப்படித்தான் அவள் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பும் பேச்சுப் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வாள். மாதக் கடைசியில் சம்பளம் போனில் இருக்கும் பணக் கணக்குக்கு வரும்.

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சாவுக்கு ஒரு வாட்ஸப் குழு, கல்யாணத்துக்கு ஒரு குழு, சர்ச் கூரைக்கு ஒரு குழு. சம்பாதிக்கிறாள் என்று தெரிந்த மறுநிமிடம் எல்லா வசூலிலும் அவள் பெயர் ஏறிவிடும். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாயும் வராது. ஆகவே பணம் வந்த சூட்டோடு மகள் மஷாயின் விடுதிப் பள்ளிக்கும் வாடகைக்கும் அனுப்பிவிட்டுப் போனைக் காலி செய்துவிடுவாள். மொம்பாசா துறைமுகத்தில் வேலை பார்க்கும் கணவனுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் வேலை இல்லாதவள் என்றால் எல்லோருக்கும் இளக்காரம்.

"மஷாயம்மா, சும்மாதானே இருக்க? சோளம் காயுது, கோழி வராம பாத்துக்கோ."

"மஷாயம்மா, குழந்தைய கொஞ்சம் வச்சுக்கோ, இதோ வந்துடறேன்."

இதோ என்று போனவள் பொழுது சாய்ந்துதான் வருவாள். இந்த ரகசியத்தால் வகேஷோ என்ன மிச்சம் பிடித்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இந்த மாதம் சம்பளமும் வரவில்லை. கம்பெனியில் கேட்டால் இன்று நாளை என்று இழுத்தார்கள். மறுநாள் பள்ளி திறக்கிறது. மீதிப் பணம் கட்டாத பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மஷாய் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, அம்மாவிடம் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள். அதுதான் வகேஷோவுக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் அதே முற்றத்தில் குடியிருக்கும் பெண்கள் சங்கத் தலைவி மலெம்பா, பின்னால் ஆறேழு பேர்.

"உன் கஷ்டம் எங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? புள்ள படிப்பு நிக்கக்கூடாது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டிருக்கோம். முதல்ல ஜெபம் பண்ணுவோம், அப்புறம் உன் போனுக்கு அனுப்பிடறேன்."

தெருவோரம் மீன் பொரித்து விற்பவளும் அந்தக் கூட்டத்தில் நின்றாள். அவளுக்கே மூன்று பிள்ளைகள். வகேஷோவுக்கு அவமானமாக இருந்தது.

மலெம்பாவின் ஜெபம் லேசில் முடியாது. "ஆண்டவரே, இந்த ஏழைக்கு ஒரு வழி காட்டும்!" என்று அவள் குரலை உயர்த்தவும், மேசைமேல் இருந்த போன் டிங் என்றது. மீன்காரி கண்ணைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ, முப்பத்தெட்டாயிரம் ஷில்லிங்!"

"அல்லேலூயா! கேட்டு வாயை மூடல, அனுப்பிட்டாரே!" என்று மலெம்பா கைதட்டினாள்.

வகேஷோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேசாமல் இருந்தால் அற்புதம் என்றே போய்விடும். ஆனால் மீன்காரி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை.

"அக்கா, இது என் சம்பளம். கம்பெனி அனுப்பிச்சது," என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள்.

மலெம்பா இடுப்பில் கை வைத்தாள். "அப்ப தினமும் என் சோளத்துக்குக் காவல் இருந்தியே, அது உன் வேலை நேரத்துலயா?"

"ஆமாக்கா."

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"சொன்னா எல்லாரும் பணம் கேப்பீங்களேன்னு பயம்."

"கேப்போம்தான். இல்லேன்னு சொல்லு, கழுத்தையா அறுத்துடுவோம்? இந்த வசூல் அவங்கவங்களுக்கே திரும்பிப் போகும். வசதி இல்லாதவளாச்சேன்னு உன் சங்கச் சந்தாவத் தள்ளி வச்சோமே, அத முதல்ல எடு!"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வகேஷோ பள்ளிக்குப் பணம் அனுப்பினாள், அடுத்து சந்தாவை அனுப்பினாள். எல்லோர் கண்முன்னாலும் பணம் அனுப்புவது இதுதான் முதல் தடவை. மனசு லேசாக இருந்தது.

"அப்ப நாளைக்குப் போலாமாம்மா?" என்று மஷாய் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

மறுநாள் மகளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து வகேஷோ கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டப் போகும்போது வெளியே குழந்தை சிணுங்கும் சத்தம் கதவை நோக்கி வந்தது. கூடவே மலெம்பாவின் அதட்டலும் கேட்டது.

"ஏய், அங்க எங்க போற? அவ ஆபீஸ்ல இருக்கா. சாயங்காலமா வா."