மருவைத் தின்ற மீன்

1

இந்தக் கதை ஒரு மூக்கிலிருந்து பிறந்தது. மற்ற எழுத்தாளர்களுக்கெல்லாம் நெஞ்சிலிருந்து பிறக்கிறதாம். நல்லது, பிறக்கட்டும். யாருடைய மூக்கு என்று இப்போதே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் பொறுங்கள்.

நான் அரியலூர் ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. பகலெல்லாம் கூடையும் மூட்டையும், மிச்ச நேரத்தில் கதை. யுத்தம் முடிந்து ஒரு வருஷமாகியும் காகிதத்துக்குக் கட்டுப்பாடு தீரவில்லை. வேறு தாள் இல்லாததால், அடித்த வரிகளையும் அப்படியே விட்டுத்தான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

முதல் ஆரம்பம்: "ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்த அந்த..." (வேண்டாம். ஆடிக்காற்று எல்லாருடைய கதையிலும் அடிக்கிறது.)

இரண்டாவது: "பூங்காவனம் அழகி. அவள் கண்கள்..." (பொய்யில்லை. ஆனால் அவள் அண்ணன் பழனிவேலுக்கு வாசிக்கத் தெரியும். கடப்பாரை பிடிக்கவும் தெரியும்.)

மூன்றாவது: "ஒரு கழுநீர்த் தொட்டி இருந்தது." இன்றைக்கும் இருக்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

2

என் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப்பக்கம் பழனிவேல் வீட்டுக் கொல்லை. அங்கே சுவரை ஒட்டி ஒரே கல்லில் குடைந்த தொட்டி. மாட்டை விற்றபிறகு அதில் மழைத்தண்ணீரும் கூத்தாடிப்புழுவும்தான் குடியிருந்தன. அப்போதுதான் பழனிவேலின் தங்கை பூங்காவனம், புருஷனோடு ஒத்துவராமல் வேப்பந்தட்டையிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்து சேர்ந்தாள். "நீ நட்டா எருக்கஞ்செடிகூட வெளங்காது" என்பது அந்த மகானுபாவன் அவளுக்குக் கொடுத்தனுப்பிய ஆசீர்வாதம்.

வந்த மறுமாசமே மருதையாற்றுப் பக்கத்துக் குட்டையிலிருந்து அல்லிக்கிழங்கு கொண்டுவந்தாள். தொட்டியடியில் களிமண், மேலே ஆற்றுமணல், நடுவில் கிழங்கு. ஓரத்தில் ஒரு கைப்பிடி வேலம்பாசி. ஒரு செம்பில் பொடிமீன் பிடித்து வந்து விட்டாள். உச்சந்தலையில் வெள்ளிப்பொட்டு வைத்த மீன், சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. பத்தே நாளில் தொட்டியில் ஒரு புழு இல்லை.

நான் சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டு பார்ப்பேன். (மீனைத்தான்.)

"சோத்துப் பருக்கைய கிருக்கையப் போட்டுடாதீங்க சார், தண்ணி கெட்டுரும். பச்சையா இருக்கேன்னு மொத்தமா எறைச்சுக் கொட்டவும் கூடாது. அதுங்களுக்கு அதானே வூடு" என்பாள்.

சித்திரையில் முதல் அல்லி பூத்தது. "வெளங்கிருச்சு பாத்தீங்களா" என்றாள். அழுதாள் என்று எழுத ஆசைதான். அவள் அழவில்லை, சிரித்தாள். அந்த வீட்டில் உலைமூடியிலிருந்து உலக்கைவரை அண்ணியுடையது. தொட்டி ஒன்றுதான் இவளுடையது. அது போனால் இவளுடையது என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. கதையில் விஷயம் இதுதான், மற்றதெல்லாம் மூக்கு.

3

மூக்குக்கு வருவோம். "ஊர் மணியக்காரரின் மூக்கில் மிளகளவு ஒரு மரு இருந்தது. அவர் ஒருநாள் தொட்டியைப் பார்வையிட..."

சே! மணியக்காரர் மூக்கு சந்தனக்கட்டை மாதிரி வழவழவென்று இருக்கிறது. அவரை இழுப்பானேன்? மரு என்னுடையது. போதுமா?

நுனிமூக்கில் இருந்தது. பார்சல் எடுக்க வருகிறவர்கள் என் கண்ணைப் பார்த்துப் பேசியதே கிடையாது. ஸ்டேஷன் ஜட்கா வண்டிக்காரன் அரியமுத்துதான் வழி சொன்னான். குதிரைவால் முடியால் மருவை அடியோடு இறுக்கிக் கட்டினால் பத்து நாளில் வாடி விழுந்துவிடும். அவனே கட்டியும் விட்டான்.

"கொள்ளு திங்கிற குதிர சார். முடி லேசுல அறாது."

அறவில்லை. இரண்டு அங்குலம் தொங்கிக்கொண்டிருந்தது. சளி என்று சொல்லிப் பத்து நாள் கைக்குட்டையும் மூக்குமாகத் திரிந்தேன். பதினோராம் நாள் காலை சுவரில் எக்கிக் குனிந்து தொட்டியைப் பார்த்தபோது மரு, முடியோடு கழன்று தண்ணீரில் விழுந்தது. ஒரு மீன் வந்தது. முடியைத் துப்பிவிட்டு மருவை விழுங்கியது.

"ஐயய்யோ, என்னத்த சார் போட்டீங்க? அதுங்க வயித்துக்கு ஆவுமா?" என்று பூங்காவனம் பதறினாள். என் மூக்கைப் பற்றி அவள் விசாரிக்கவே இல்லை.

4

இனிமேல் நான் சொல்வது எனக்குப் பெருமை தராது.

அன்றைக்கே காப்பி கிளப்பில் உட்கார்ந்து கதை சொன்னேன். நல்ல கூட்டம். "குனிந்தேன், மீன் துள்ளியது, மருவைக் கவ்வியது, போயிற்று!" குதிரைமுடியை மட்டும் சொல்லவில்லை. வால்முடியைக் கட்டிக்கொண்டு அலைந்தேன் என்று எவன் சொல்வான்? தவிர, கதையும் முடியில்லாமல்தான் நன்றாக இருந்தது. "தேவையில்லாத விவரங்களை வெட்டவும்" என்று பத்திரிகை ஆசிரியர் எனக்குப் பலமுறை எழுதியிருக்கிறார்.* நான் அவர் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

(*ஐயா, கோபிக்க வேண்டாம். குற்றம் என்னுடையது. இந்த அடிக்குறிப்பை வெட்டிவிடாதீர்கள்.)

கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போட்டால் மரு உதிரும், வெல்லம் கரைத்தால் கட்டி கரையும் என்பது நம் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். குளம் எவ்வளவு பெரிது, தொட்டி எவ்வளவு சிறிது என்றுதான் ஒருவரும் யோசிக்கவில்லை. ஆடி முதல் வெள்ளியன்று தெருக்காரர்கள் வந்தார்கள். இரண்டாம் வெள்ளிக்கு உடையார்பாளையத்திலிருந்தும் திருமானூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பிடி உப்பு, அரைப்பிடி மிளகு. கட்டி வந்தவர்கள் வெல்லம். தொட்டித் தண்ணீர் ரசமும் பானகமும் கலந்தாற்போல் ஆயிற்று. அல்லி இலை ஓரம் கருகியது. நாற்பதுக்குமேல் இருந்த மீன்களில் பெரும்பாலானவை வாயை மேலே நீட்டி நீட்டிச் செத்து மிதந்தன. பூங்காவனம் ஒவ்வொன்றாக அள்ளி முருங்கையடியில் புதைத்தாள்.

பழனிவேல் தொட்டிக்கு மஞ்சள் பூசிச் சூலம் நட்டுவிட்டான்.

"அண்ணே, அது சாமி இல்லண்ணே. மாட்டுத் தொட்டி" என்று அவள் சொன்னது சுவருக்கு இந்தப்பக்கம் கேட்டது.

"எது மாட்டுத் தொட்டி? நேத்து வரைக்கும் என்னை எவன் மதிச்சான்? இன்னைக்கு வண்டி கட்டிக்கிட்டு வரான். வாயத் தொறந்தேன்னு வச்சுக்க, பெட்டியத் தூக்கிக்கிட்டு வேப்பந்தட்டைக்கே போயிரு."

இதையும் கேட்டுக்கொண்டு நான் சும்மாதான் இருந்தேன். மூன்றாம் வெள்ளியும் போயிற்று. வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், அடிக்கமாட்டேன்.

5

வாயைத் திறப்பதற்குப் பதில் முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று: கூட்டத்தின் நடுவே பூங்காவனத்துக்கு அருள் வருகிறது. தலைவிரி கோலமாக ஆடி, "எனக்கு உப்பு ஆவாதுடா!" என்கிறாள். ஜனங்கள் நடுங்கிப்போய் உப்பை மடியிலேயே முடிந்துகொள்கிறார்கள். மீன்கள் பிழைக்கின்றன.

அற்புதம் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டு சுவரோரம் நின்று அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "உப்பு ஆவாதுன்னா அப்பறம் என்னா ஆவும்னு கேப்பாங்க. அடுத்த வெள்ளிக்குக் கெடாவ ஓட்டிக்கிட்டு வருவாங்க. அந்த ரத்தத்தையும் இதுலதான ஊத்துவாங்க?"

முடிவு இரண்டு: மிச்ச மீன்களை வேறிடத்துக்கு மாற்றுவது. இதை எழுதியதோடு செய்தும் பார்த்தேன். ஸ்டேஷனில் தீயணைக்கத் தண்ணீர் வைத்திருக்கும் சிவப்பு வாளி ஒன்றில் மூன்று மீனை விட்டு, வேலம்பாசியும் போட்டேன். நன்றாகத்தான் நீந்தின. மறுநாள் போர்ட்டர் கண்ணையன் வாளிப் பக்கத்தில் குந்தியிருந்தான். அவனுக்குக் காலில் ஆணி. கையில் மிளகு. மீனைத் திரும்பக் கொண்டுபோய்த் தொட்டியில் விட்டேன்.

முடிவு மூன்று: "பூங்காவனம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு..." (மாட்டேன். மேலே எழுதமாட்டேன்.)

6

நேற்றுச் சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். பாதித் தண்ணீரை மொண்டு கொட்டி, கிணற்றுத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், ஆறுதான் இருக்கு."

"என்னை மன்னிச்சிடும்மா" என்றேன்.

"அத வச்சுக்கிட்டு நான் என்னா பண்றது? வர்ற வெள்ளிதான் கடைசி வெள்ளி. இருக்கிறதுலயே கூட்டம் அன்னைக்குத்தான். வந்து தொட்டிகிட்ட நில்லுங்க. குதிரமுடியால விழுந்துச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க. நான் சொன்னாத்தான் பெட்டியத் தூக்கணும். நீங்க சொன்னா என்னா? சிரிப்பாங்க, அவ்வளவுதான்."

"நம்பமாட்டாங்களே, பூங்காவனம்."

"முடியக் கட்டிக்கிட்டு வாங்க."

"எங்கே கட்டறது? மருதான் போயிடுச்சே!"

"காதுல கட்டுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தண்ணீர் மொள்ளப் போய்விட்டாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அரியமுத்துவிடம் முடி வாங்கி வைத்திருக்கிறேன். இது அச்சாகி வரும் பத்திரிகைக் கட்டு வியாழக்கிழமை ரயிலில் வருகிறது. அதை இறக்கப்போவதும் நான்தான். வியாழன் சாயங்காலம் அரியலூர் படிக்கும், வெள்ளிக்கிழமை காலை அரியலூர் வரும். காதில் குதிரைமுடி தொங்க ஒரு ஆள் தொட்டியோரம் நின்றுகொண்டிருப்பான். பார்த்துச் சிரிக்கலாம், தடையில்லை. பக்கத்தில் பழனிவேலும் நிற்பான். அவனிடம் கடப்பாரை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

அவள் சொல்லச் சொன்னதை எழுதிவிட்டேன், முடிவை மட்டும் நான் எழுதப்போவதில்லை. கதையிலிருந்து நான் வெட்டிய ஒரு முடியால் முப்பத்துச் சொச்சம் மீன் செத்தது. இனிமேல் என் கையில் ஒன்றுமில்லை, உங்கள் கையில் உப்பு இருக்கிறது. என் பேச்சு உங்களுக்குப் பொய்யாகவே தோன்றட்டும். தொட்டியை நன்றாகக் கும்பிட்டுக்கொள்ளுங்கள். உப்பையும் மிளகையும் மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய் ரசத்தில் போடுங்கள்.

மீன் ஆறு இருக்கிறது. அல்லியில் ஒரு மொட்டு இருக்கிறது.