கிளட்ச் இல்லாத வண்டி

காஜா பெராங் லாரிக் கொட்டகையில் அந்தக் காருக்கு வைத்திருந்த பெயர் நொண்டி. அதற்குக் கிளட்ச் மிதி கிடையாது. சண்டைக்குச் சற்று முன்னால் ஒரு தோட்டத்துத் துரை அமெரிக்காவிலிருந்து தருவித்த வண்டி. துரை சிங்கப்பூருக்கு ஓடியபோது அதை விட்டுவிட்டுப் போனான், ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான். கியரை அது தானாகவே மாற்றிக்கொள்ளும். ஓட்டுகிறவனின் இடது கால் சும்மா கிடக்கும்.

"சாமியப் பல்லக்குல வச்சுத் தூக்கிட்டுப் போறாப்ல," என்பான் கொட்டகையின் மூத்த டிரைவர் அப்பாசாமி. "நீ சும்மா குந்தியிருக்க வேண்டியதுதான். கிளட்சு மிதிக்காதவனெல்லாம் டிரைவராடா?"

நொண்டி தார்ச் சாலைக்குத்தான் லாயக்கு, சேற்றில் இறங்கினால் பத்தடி நகராது என்பதில் அங்கே இரண்டு கருத்து இல்லை. ஒருவனும் அதைச் சேற்றில் இறக்கிப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. சேறு என்றால் இரண்டாம் கியர், அளவாக விட்ட கிளட்ச், டிரைவரின் கால். அவர்கள் சோறு தின்றதே அந்தக் காலை வைத்துத்தான். கால் வேண்டாம் என்கிற வண்டி நல்ல வண்டியாக இருக்க முடியுமா?

பொன்னுதுரையும் அப்படித்தான் நம்பினான். அந்த நம்பிக்கையில்தான் தன் தங்கை புருஷனின் உயிரை வைத்தான்.

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். போனவர்களில் ஒருவனும் திரும்பவில்லை. செமாபோக்கைத் தாண்டி உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தில் தங்கை மல்லிகாவும் அவள் புருஷன் தியாகுவும் இருந்தார்கள். அடுத்தது அந்தத் தோட்டம்தான் என்று கொட்டகையில் தெரிந்துவிட்டது. ஆபிசரை ஏற்றிக்கொண்டு போகிற வேலை பொன்னுதுரையின் தலையில் விழுந்தது.

கிளேபாங்கிலிருந்து தோட்டங்களுக்குக் கருவாடு கொண்டுபோகிற உமரை அவன் வழியில் மடக்கினான்.

"பாய், எம் மச்சான்கிட்ட சொல்லுங்க. நாளைக்கு ஆபிசர் வர்றான். பதற வேணாம். நாளைக்கு அரிசி போடுற நாளு. பெரட்டுல நின்னு பேர் குடுத்து, அரிசிய வாங்கிக்கிட்டு, அப்புறம் ரெண்டு பேரும் காட்டுக்குள்ள போகட்டும். வண்டி பாயாச் சேத்தத் தாண்டாது. பொழுது சாயிற வரைக்கும் நான் நிறுத்தி வைக்கிறேன்."

உமர் சைக்கிள் பிடியைத் தடவினார். "அரிசி போனாப் போவுது தம்பி. விடியறதுக்குள்ள ஓடிருன்னு சொல்லட்டா?"

"வெறும் வயித்தோட காட்டுல எத்தன நாள் கெடப்பான்? நான் சொன்னத மட்டும் சொல்லுங்க பாய்."

"ஒன் இஷ்டம்," என்று உமர் மிதித்துப் போனார்.

மறுநாள் விடியும்போதே மழை கொட்டியது. பொன்னுதுரைக்கு மழை பிடித்திருந்தது. கொட்டகை வாசலில் லாரியும் நொண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஆபிசர் மழைக்கோட்டோடு வந்து இரண்டையும் பார்த்தான். ஆள்களை ஏற்ற லாரி எப்படியும் வரும். உள்ளே சேற்றுப் பாதையில் தான் எதில் போவது என்பதுதான் அவன் கேள்வி.

"மானா பாகுஸ்?" என்றான். எது நல்லது?

லாரி போய்விடும் என்று பொன்னுதுரைக்குத் தெரியும். அதை வேண்டுமென்றே சேற்றில் நிறுத்தலாம்தான். ஆனால் பட்டாளத்து டிரைவர்களுக்கு லாரி அத்துபடி. கிளட்சைக் கருக்கினால் வாசனையிலேயே கண்டுபிடித்து முதுகை உரித்துவிடுவார்கள். நொண்டி நின்றால் பழி நொண்டிக்கு.

"கார், துவான்," என்றான்.

அப்பாசாமி குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "டேய், சேத்துக்கு இந்தச் சனியனையா? ஒனக்கென்ன கிறுக்கா..." பொன்னுதுரையின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

ஆள்களை ஏற்ற லாரியைத் தார்ச் சடக்கிலேயே நிறுத்திவிட்டார்கள். கார் ஆபிசரையும் இரண்டு சிப்பாய்களையும் சுமந்துகொண்டு செம்மண்ணில் இறங்கியது. கொஞ்ச தூரத்தில் பாயா. இரண்டு பக்கமும் சதுப்பு. நடுவில் பாதை என்று சொல்லப்பட்ட கஞ்சி. பொன்னுதுரை உள்ளுக்குள் சிரித்தான். முடுக்கியை ஒரே மிதியாக மிதித்தான். பின்சக்கரம் சுழன்று சேற்றை வாரி அடித்தது. கார் குலுங்கி நின்றது. இன்னொரு மிதி மிதித்தால் அச்சு வரைக்கும் புதைந்துவிடும்.

ஆபிசர் வாளுறையை அவன் தொடைமேல் வைத்தான். "பெலான்," என்றான். மெதுவாக.

வேறு வழியில்லை. காலைத் தளர்த்தினான். சக்கரம் சுழல்வதை நிறுத்தியது. நொண்டி ஒரு நொடி யோசித்த மாதிரி இருந்தது. பிறகு நகர ஆரம்பித்தது. எருமை நீரில் நடப்பதுபோல, அவசரமில்லாமல், அலட்டாமல். மிதித்தால் அல்லவா சக்கரம் வழுக்கும்? மிதிக்காவிட்டால் அது தன்பாட்டுக்குத் தரையைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தது.

பொன்னுதுரையின் இடது கால் இல்லாத மிதியைத் தேடி வெறும் தரையை அழுத்தியது. கிளட்ச் இருந்தால் ஆயிரம் பொய் சொல்லலாம். வெடுக்கென்று விட்டு இஞ்சினை அணைக்கலாம். கியர் விழவில்லை என்று கையை விரிக்கலாம். பாதி மிதியில் வைத்தே தகட்டைத் தேய்க்கலாம். இந்த வண்டியில் பொய் சொல்ல இடமில்லை. பிரேக்கைத் தொட்டால் வாளுறை அழுந்தியது. ஓரத்துக்கு ஒடித்தால் ஆபிசரே கை நீட்டி ஸ்டியரிங்கைத் திருப்பினான்.

பாயா முடிந்தது. மேட்டில் ஏறி நின்றபோது கார் சுத்தமாக மூச்சு வாங்கவில்லை. வாங்கியவன் பொன்னுதுரைதான்.

தோட்டத்தில் பெரட்டு கலையவில்லை. ஆண்களும் பெண்களும் அரிசிக்கு வரிசையில் நின்றார்கள். ஓடியிருக்க வேண்டியவர்கள் எல்லோரும் நின்றார்கள். வண்டி பாயாவைத் தாண்டாது, அரிசியை வாங்கிக்கொண்டே ஓடலாம் என்று தியாகு லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லியிருந்தான். நல்ல மனசு. காரின் சத்தமே கேட்கவில்லை அவர்களுக்கு. சிப்பாய்கள் குதித்த பிறகுதான் திரும்பினார்கள்.

தியாகுவின் கையில் பாதி நிறைந்த அரிசிப் பை இருந்தது. அதோடு அவனை வரிசையிலிருந்து இழுத்தார்கள். அவன் பொன்னுதுரையைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. ஏதோ இன்னும் ஒரு திட்டம் இருக்கும் என்பதுபோலப் பார்த்தான்.

மல்லிகா காரின் ஜன்னலுக்கு வந்தாள். அழவில்லை.

"வெள்ளனவே ஓடிரலாம்னு நான் சொன்னேன்," என்றாள். "'ஒங்கண்ணன் டிரைவரு, அவருக்குத் தெரியாத சேறா'ன்னு இவருதான் நிக்கச் சொன்னாரு."

பொன்னுதுரை கதவைத் திறக்கப் போனான்.

"வண்டியப் பத்தி ஒனக்கு என்னதாண்ணே தெரியும்?" என்று கேட்டுவிட்டு, கீழே சிந்திய அரிசியைப் பொறுக்கப் போனாள்.

பிடித்தவர்களைச் சடக்கு வரைக்கும் நடத்திக் கொண்டுபோனார்கள். காரை அவர்கள் பின்னால் ஓட்டச் சொன்னான் ஆபிசர். வேறு எந்த வண்டியாக இருந்தாலும் அந்த வேகத்துக்கு முக்கி முனகி நின்றிருக்கும். நொண்டி மனிதன் நடக்கிற வேகத்தில், சேற்றில், சத்தமில்லாமல் பின்னாலேயே போனது. மிதிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தால் போதும், அது தியாகுவின் முதுகை நோக்கி நகரும். வழி முழுக்க பொன்னுதுரை செய்தது அவ்வளவுதான்: காலை வைப்பது, எடுப்பது.

சடக்கில் அவர்களை லாரியில் ஏற்றினார்கள். தியாகு திரும்பிப் பார்த்தானா என்று பொன்னுதுரைக்குத் தெரியாது. அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொட்டகைக்குத் திரும்பியதும் ஆபிசர் காரைச் சுற்றி வந்து, சேறு அப்பிய பின்பக்கத்தைக் குதிரையைத் தட்டுவதுபோல் தட்டினான். பொன்னுதுரையின் தோளையும் அதே கையால் தட்டினான். "பாகுஸ்," என்றான். சட்டைப் பையில் ஒரு சிகரெட் பெட்டியைச் செருகினான். இனி எல்லாத் தோட்டத்துக்கும் இந்தக் கார்தான், இவன்தான் டிரைவர் என்று சிப்பாயிடம் சொன்னது மொழி தெரியாமலே புரிந்தது.

ஆபிசர் போகும்வரை காத்திருந்துவிட்டு அப்பாசாமி கிட்டே வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"என்னடா, நொண்டி பாயாவுல நின்னுச்சா?"

பொன்னுதுரை வாளியை எடுத்துக் குழாயடிக்குப் போனான். நாளைக் காலையில் வண்டி சுத்தமாக இருக்க வேண்டும்.

"நிக்கல," என்றான்.