ஒரு நாள் பிந்தின செய்தி

முதலே சொல்லிப்போடுறன், வீட்டு இன்ரநெற் மோடத்தின்ர வயரைக் கழட்டினது நான்தான். என்ர மனுசன் ஜோன்சனும் இல்லை, சபைத் தலைவர் செல்வரட்ணம் அங்கிளும் இல்லை. அவையள் ரெண்டு பேரும் வாயால கதைச்சுக்கொண்டு நிண்டவை. கையை வைச்சது நான்.

பாஸ்டர் ம்ஷானா தான்சானியாவில இருந்து வந்தவர். அங்க மலைப்பக்கத்தில இருக்கிற அவற்ற லூத்தரன் சபையும் நோபல் பார்க்கில இருக்கிற எங்கட சபையும் இருபது வருசமாக் கூட்டு. நான் ஊரில, பேசாலையில, கத்தோலிக்க வீட்டில பிறந்தவள். ஆனா படகில இந்த நாட்டுக்கு வந்து, உடுத்த உடுப்போட நிண்ட எங்களுக்குக் கட்டிலும் கதிரையும் தூக்கிக்கொண்டு வந்தது இந்தச் சபைதான். அதோட இஞ்சயே ஒட்டிட்டம். பாஸ்டர் கிரான்பர்னில எங்கட வீட்டில ரெண்டு கிழமை தங்கி, ஞாயிற்றுக்கிழமை இருபதாம் ஆண்டு ஆராதனையில பிரசங்கம் பண்ணவேணும். அவற்ற ஊர் சிம் இஞ்ச வேலை செய்யாது. வைஃபை இருந்தாத்தான் அவருக்குப் போன். அவசரத்துக்கெண்டு என்ர நம்பரைத் தன்ர வீட்டாக்களுக்குக் குடுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த நம்பருக்குத்தான் அடிச்சது. பாஸ்டர் என்ர மகள் டில்ஷாவோட பார்க்குக்கு நடக்கப் போயிருந்தார். கதைச்சது அவற்ற தம்பி யோனா. இங்கிலிசில சொன்னதை என்ர தமிழில சொல்லுறன். "அம்மா விடியக் காலமை செத்துப்போனா. அண்ணாட்டச் சொல்லுங்கோ. அவர்தான் மூத்தவர், அவர் நாள் சொன்னாத்தான் அடக்கம். நாங்கள் அவற்ற சொல்லுக்குப் பாத்துக்கொண்டிருக்கிறம்."

நான் "ஓம், ஓம்" எண்டன். அந்தக் கடைசிக் கதை காதில விழுந்தது, மண்டைக்குள்ள போகேல்லை.

எங்கட ஆக்களைப் பற்றித் தெரியும்தானே. செத்த செய்தியை நேர சொல்லமாட்டம். முதல் "கொஞ்சம் சுகமில்லை", பிறகு "ஆஸ்பத்திரியில வைச்சிருக்கினம்", வயிறு நிறையச் சாப்பிட வைச்சு, நித்திரை கொள்ளவிட்டு, அதுக்குப் பிறகுதான் வாய் திறப்பம். ஜோன்சன் உடன அங்கிளுக்குப் போன் எடுத்தார். அங்கிள் நோபல் பார்க்கில இருந்து ஓடி வந்தார். "பிள்ளை, ஞாயிறு ஆராதனை முடியட்டும். முந்நூறு பேருக்குச் சொல்லியிருக்கு. இப்ப சொன்னா மனுசன் உடைஞ்சுபோடும். மத்தியானம் எல்லாருமாச் சேர்ந்து ஆறுதலாச் சொல்லுவம்."

"அதுக்குள்ள வட்ஸ்அப்பில வந்திடுமே," எண்டார் ஜோன்சன். ரெண்டு பேரும் என்னைப் பாத்தினம். நான் போய் மோடத்தைக் கழட்டிப்போட்டு, பாஸ்டர் வந்த உடன "இன்ரநெற் பழுதாப்போச்சு" எண்டன்.

வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், எனக்கு இதே அநியாயம் நடந்தது. நான் படகில வந்து தடுப்பு முகாமில இருக்கேக்க அப்பா ஊரில செத்தவர். மூண்டு கிழமை எனக்கு ஒளிச்சவை. "அப்பாவுக்குச் சும்மா தடிமன் காய்ச்சல்" எண்டு சொன்ன மச்சாளோட நான் இண்டைக்கும் கதைக்கிறேல்லை. அப்பிடிப்பட்ட நான்தான் வயரைக் கழட்டினனான். பாஸ்டருக்கு நல்லதுக்கு எண்டுதான் நினைச்சன், சத்தியமா.

சனிக்கிழமை அவரை ஸ்பிரிங்வேல் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனம். வீட்டில இருந்தா யாராவது உளறிப்போடுவம் எண்ட பயம். அங்க மனுசன் பலாப்பழத்தைக் கண்டிட்டுத் துள்ளினார். டில்ஷா அவருக்குத் தமிழில விலை கேக்கப் பழக்க, அவர் வியட்நாம்காரிட்டப் போய் "எவ்வளவு அக்கா?" எண்டார். அந்த மனுசி முழிச்ச முழியைப் பாத்து, கண்ணில தண்ணி வர வரச் சிரிச்சார். ஒவ்வொரு சிரிப்புக்கும் ஜோன்சன் நிலத்தைப் பாத்தார்.

திரும்பி வரேக்க காருக்குள்ள கேட்டார், "அஞ்சலீனா, உங்கட போனில ஒரு நிமிசம் கதைக்கலாமா? சனிக்கிழமை எண்டா அம்மாவோட கதைக்கிறனான். நான் எடுக்காட்டி அவ சாப்பிடாம இருப்பா."

ஐயோ, என்ர ஆண்டவரே! "டேட்டா முடிஞ்சுபோச்சு, பாஸ்டர்," எண்டன். ஜோன்சன் ரேடியோச் சத்தத்தைக் கூட்டினார்.

அஞ்சு மணிபோல திரும்ப யோனா அடிச்சான். குசினிக் கதவைச் சாத்திப்போட்டு எடுத்தன். இந்தமுறை குரலில மரியாதை இல்லை. "ஒரு நாள் முழுக்கப் பாத்தம். அவரிட்ட இருந்து ஒரு சொல் வரேல்லை. பெரியவை முடிவெடுத்திட்டினம். நாளைக்கு அடக்கம். மூத்தவன் நிக்கவேண்டிய தலைமாட்டில நான் நிப்பன். தாயை மதிக்காதவன் இனி இந்த வீட்டுக்கு மூத்தவன் இல்லையாம். அதையும் சொல்லிவிடுங்கோ." வைச்சிட்டான்.

அப்பதான் எனக்கு மண்டைக்குள்ள போனது. நாங்கள் ஒளிச்சது செய்தியை மட்டுமில்லை. அங்க அவற்ற வாயையும் பொத்திப்போட்டம். மூத்த பிள்ளை எண்ட இடமே அவற்ற கையை விட்டுப் போகுது.

அங்கிளுக்கு எடுத்துச் சொன்னன். "ஒரு இரவுதானே பிள்ளை, நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு..." எண்டு இழுத்தார்.

"உங்கட பன்னிரண்டு மணியைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்கோ, அங்கிள்!" எண்டு கத்திப்போட்டு வைச்சன். என்ர வாழ்நாளில ஒரு பெரியவரோட அப்பிடிக் கதைச்சதில்லை.

பாஸ்டர் ஹோலில நிண்டு ஞாயிற்றுக்கிழமைக்குப் போடுற வெள்ளை அங்கியை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். சுத்தி வளைக்காமச் சொன்னன். "பாஸ்டர், உங்கட அம்மா செத்துப்போனா."

அயன் பெட்டியை நிமித்தி வைச்சார். "எப்ப?"

"நேற்று விடிய."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நேற்றுப் பின்னேரம்." அவற்ற சொல்லுக்குப் பாத்திருந்ததை, நாளைக்கு அடக்கம் எண்டதை, தலைமாட்டில தம்பி நிக்கப்போறதை, எல்லாத்தையும் கொட்டினன்.

அவர் கத்தேல்லை. கத்தியிருந்தாத் தாங்கியிருப்பன். "இருபத்திரண்டு வருசமா என்ர வேலையே வீடு வீடாப் போய் இந்தச் செய்தியைச் சொல்லுறதுதான்," எண்டார். "மழைக்குள்ள, மலை ஏறிப் போய்ச் சொல்லியிருக்கிறன். ஒரு வீட்டுக்கும் நான் பிந்திப் போனதில்லை."

பிறகு என்ர போனைக் காட்டினார். "நான் சொன்னா நம்பமாட்டினம். சாட்டுச் சொல்லுறன் எண்டுவினம். நீங்கள் சொல்லுங்கோ."

வீடியோவில ஒரு வீட்டு முற்றம் நிறையச் சனம் தெரிஞ்சது. வெயிலுக்குத் தறப்பாள் கட்டியிருந்தது. யோனா போனை ஒரு கிழவருக்கு முன்னால பிடிச்சான், அவையின்ர பெரியப்பா. எனக்குத் தெரிஞ்ச இங்கிலிசில சொன்னன். "இவரில பிழை இல்லை. இவருக்கு ஒண்டும் தெரியாது. நான்தான் ஒளிச்சனான். நாங்கள் இப்பிடித்தான் ஒளிக்கிறனாங்கள், நோகக்கூடாதெண்டு." யோனா அதைத் தங்கட பாசையில சொன்னான்.

கிழவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். யோனா திருப்பிச் சொன்னான். "இந்த ஒரு நாளில இவன் உங்கட வீட்டில சிரிச்சவனா?"

பாஸ்டர் எனக்குப் பக்கத்தில நிக்கிறார். பொய் வாய் நுனியில வந்து நிண்டது. இல்லையெண்டு சொல்லியிருந்தா அவருக்கு மானம் மிஞ்சும். ஆனா ஒரு நாளுக்குப் போதுமான பொய் சொல்லியாச்சு.

"ஓம், சிரிச்சவர்," எண்டன். "கண்ணில தண்ணி வரச் சிரிச்சவர். நாங்கள்தான் சிரிக்க வைச்சனாங்கள்." அழுகை வந்திட்டுது எனக்கு.

கிழவர் கையை உயத்தி என்னவோ சொல்ல, பின்னால பொம்பிளையள் குரலெடுத்து அழத் தொடங்கினவை. "தாய் செத்தது தெரிஞ்சவன் அப்பிடிச் சிரிக்கமாட்டானாம். திங்கள் பின்னேரம் வரைக்கும் பெட்டியை மூடமாட்டம்," எண்டான் யோனா. இப்ப அவனும் அழுதான். "அண்ணாவை அனுப்பிவிடுங்கோ."

ஜோன்சன் பாஸ்டருக்கு இரவு பத்தரைப் பிளேனில இடம் பிடிச்சிட்டார். பாஸ்டர் பத்து நிமிசத்தில பெட்டி அடுக்கினார். நான் வாசலில மறிச்சு, "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, பாஸ்டர்," எண்டன். "பரவாயில்லை" எண்டுவார் எண்டுதான் நினைச்சன். எங்கட ஆக்களெண்டா அப்பிடித்தான் சொல்லுவினம்.

"மன்னிக்கிறது பாஸ்டரின்ர வேலை," எண்டார். "இண்டைக்கு நான் பாஸ்டர் இல்லை, அம்மா செத்த பிள்ளை. நாளைக்குக் காலமை பத்து மணிக்கு முந்நூறு பேர் என்னைப் பாத்துக்கொண்டிருப்பினம். அவையளுக்காவது இப்பவே சொல்லுங்கோ."

காரில ஏறிக் கதவைச் சாத்தினார். கார் தெருமுனை திரும்ப முதலே நான் சபையாக்களின்ர நம்பர்களில முதல் நம்பரை அமத்திப்போட்டன்.